ஏஐ காலத்தில் என் தரவுக்கு என்ன பாதுகாப்பு? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், ஆசிரியர் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பேசப் போவேன். மேடையில் நான் பேசியதைவிட, முடிந்தபின் காபி டம்ளரோடு வந்து கேட்பவர்களிடம் பேசியதே அதிகம். அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் குறித்துவைத்த அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தருகிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. சொந்த வழக்கு என்றால் ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

என் பெயரும் போன் நம்பரும் ஊருக்கே தெரியும். இதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்கள் என்பதற்காக யாரும் உள்ளே வந்து பீரோவைத் திறக்கலாம் என்று ஆகிவிடாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அரசமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஒளிக்க ஏதாவது இருப்பவருக்கு மட்டுமே அந்த உரிமை என்று அவர்கள் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் பில் போடும்போது எண் கேட்கிறார்கள். துணிக்கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் கேட்கிறார்கள். தனித்தனியாகக் கிடக்கும்வரை அவை வெறும் பில்கள். ஒரே எண்ணை நூலாக வைத்துக் கோத்துவிட்டால் உங்கள் நோய், வருமானம், நடமாட்டம் மூன்றும் ஒரே மாலையில் வந்துவிடும். அப்படிக் கோக்கும் வேலையை இன்று மனிதர் செய்வதில்லை என்பதுதான் புதிது.

இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டதா, இல்லை இன்னும் பேச்சு மட்டும்தானா?

வந்துவிட்டது. ஆனால் முழுதாக அமலுக்கு வரவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கு முன் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவு, 2019 மசோதா, 2022-இல் அதைத் திரும்பப் பெற்றது என்று ஒரு நீண்ட கதை உண்டு.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைக்கும் பிரிவுகள் அப்போதே அமலுக்கு வந்தன. நிறுவனங்களின் கடமைகள், நமது உரிமைகள், அபராதம் ஆகியவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அந்தக் கெடுவின்படி 2027 மே மாதம்தான் சட்டத்துக்குப் பல் முளைக்கும். கீழே "உரிமை உண்டு" என்று நான் எழுதும் இடங்களை இந்தத் தேதியோடு சேர்த்துப் படியுங்கள்.

சட்டத்தில் ஏஐ பற்றி என்ன எழுதியிருக்கிறது?

அந்தச் சொல்லே அதில் கிடையாது. தானியங்கி முறையில் தரவைக் கையாளுதல் என்று பொதுவாகச் சொல்லி, எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்களும் இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டங்களே போதும் என்ற போக்கில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஏஐ-க்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக அமலாக்கி வருகிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் படிவம் நிரப்பும் காலத்துக்கு எழுதப்பட்டது. "கொடுத்தாயா, கேட்டுத்தான் வாங்கினார்களா" என்று அது விசாரிக்கிறது. ஏஐ காலத்தில் கேட்க வேண்டியது, "வாங்கியதை வைத்து உன்னைப் பற்றி என்ன முடிவு செய்தார்கள்" என்பது. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஓரிரண்டு வரிகள்தான் உண்டு. அவற்றைக் கடன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

'நான் சம்மதிக்கிறேன்' என்பதைப் படிக்காமலே அழுத்திவிடுகிறேன். அது செல்லுமா?

ஒரு பகுதி செல்லாது. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை தரும் செயலி, உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் பார்க்க ஒப்புதல் கேட்கிறது, நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள். வைத்தியத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே, நீங்கள் சம்மதித்திருந்தாலும் அந்த ஒப்புதல் வைத்தியத்துக்கான தரவோடு நின்றுவிடும்.

இன்னும் மூன்று விஷயங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். தமிழும் அதில் அடக்கம். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், முறையாகக் கேட்டுத்தான் வாங்கினோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தமிழில் அறிவிப்பு வரும்போது அது எந்தத் தமிழில் வரும் என்பதுதான் என் கவலை. வங்கி இயந்திரத்தின் தமிழைப் பார்த்துவிட்டு ஆங்கிலப் பொத்தானை அழுத்துகிறவர்கள் நாம்.

ஒரு வேலைக்காகக் கொடுத்த தரவை ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா?

எதற்காக வாங்குகிறோம் என்று சொன்னார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். டாக்ஸி பிடிக்கக் கொடுத்த தரவில் ஏஐ-யைப் பழக்க வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

சிக்கல் "சேவையை மேம்படுத்துவதற்காக" என்ற சொற்றொடரில் இருக்கிறது. எந்தச் செயலியின் நிபந்தனைகளைப் புரட்டினாலும் அது கண்ணில் படும். பயிற்சியும் மேம்படுத்துதலில் அடக்கம் என்று நிறுவனங்கள் வாதாடும். குறிப்பான நோக்கம் வேண்டும் என்று சட்டம் கேட்கும்போது இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதியது போதாது என்பது என் வாதம். வாரியம் எந்தப் பக்கம் நிற்கும் என்பது முதல் சில வழக்குகளில் தெரிந்துவிடும்.

சேலை கட்டிய மாதிரி படம் செய்துகொள்ள என் புகைப்படத்தை ஏஐ செயலியில் ஏற்றிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

2025 செப்டம்பரில் இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டமே இல்லை. பதற்றப்பட வேண்டாம். அந்தச் செயலியின் அமைப்புகளுக்குள் போய், உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு பழைய உரையாடல்களையும் ஏற்றிய படங்களையும் அழியுங்கள். பெரிய நிறுவனங்களின் செயலி என்றால் இது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. பெயரைப் போலவே வைத்து வரும் போலித் தளத்தில் ஏற்றியிருந்தால்தான் தொல்லை. அங்கே அழிக்கும் பொத்தானை நம்ப முடியாது.

உங்கள் படத்தை ஏற்றியது உங்கள் முடிவு. குழுப் படத்தில் பக்கத்தில் நின்ற தோழியையும் அவர் மகளையும் ஏற்றியிருந்தால் அது அவர்களுடைய முடிவல்ல.

முகநூலில் நானே போட்ட படத்தை யாரோ எடுத்து ஏஐ-க்குக் கொடுத்தால் தடுக்க முடியுமா?

நம் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். தன்னைப் பற்றி ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. வலைப்பதிவிலும் சமூக ஊடகத்திலும் நீங்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்ததை ஒரு நிறுவனம் வாரிக்கொண்டு போனால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஏஐ மாதிரிகளின் (தரவைக் கொண்டு பழக்கிய மென்பொருள்களின்) தீனியில் பெரும்பகுதி இப்படி வாரியதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. இணையத்தில் கிடந்த முகப்படங்களைத் திரட்டி, முகத்தைக் காட்டினால் ஆளைச் சொல்லும் தளத்தை நடத்திய கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 2022-இல் இத்தாலி 2 கோடி யூரோவும், 2024-இல் நெதர்லாந்து 3.05 கோடி யூரோவும் அபராதம் விதித்தன. "எல்லாம் பொதுவில் இருந்த படங்கள்தானே" என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. முக அடையாளத் தொகுப்புக்காக இணையத்திலிருந்து கண்மூடித்தனமாகப் படங்களை வாருவதை அவர்களுடைய ஏஐ சட்டம் 2025 பிப்ரவரியிலிருந்து தடைசெய்திருக்கிறது.

நமக்கு ஒரு சிறு பிடி உண்டு. விலக்கு, தரவுக்குரியவர் தானே வெளியிட்டதற்கும் சட்டக் கடமையால் வெளியிடப்பட்டதற்கும் மட்டும்தான். உங்கள் மைத்துனர் உங்களைக் கேட்காமல் கல்யாண ஆல்பத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தால், அதிலுள்ள உங்கள் முகத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று வாதாடலாம். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்த படத்தைப் 'பொதுவெளி' என்பதும் கடினம். அந்தப் பூட்டுச் சின்னத்துக்கு இப்போது சட்ட மதிப்பும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லவே இல்லாத ஒன்றை ஏஐ ஊகித்துவிடுகிறதே, அது யாருடைய தரவு?

ஒரு பெண் மருந்துச் செயலியில் ஃபோலிக் அமில மாத்திரை வாங்குகிறார். மறுமாதமும் வாங்குகிறார். குமட்டலுக்கு ஒரு மாத்திரை கூடுகிறது. கருவுற்றிருப்பதை அவர் இன்னும் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை, செயலி குழந்தைச் சோப்பு விளம்பரம் காட்டுகிறது. அவர் கொடுத்தது மாத்திரைக்கான ஆர்டர். கருவுற்றிருக்கிறார் என்ற செய்தியை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

அடையாளம் காணக்கூடிய ஒருவரைப் பற்றிய எந்தத் தரவும் தனிநபர் தரவுதான் என்று சட்டம் விரிவாகவே வரையறுக்கிறது. ஆகவே ஊகமும் அதில் அடங்கும் என்றே படிக்க வேண்டும். ஊகம் தவறாக இருந்தாலும் அடங்கும். ஆனால் ஒப்புதல் முறை முழுவதும் நீங்கள் கையால் எடுத்துக் கொடுக்கும் தரவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கேட்டு வாங்காத ஒன்றுக்கு எப்படி அறிவிப்பு கொடுப்பது, எதை ரத்து செய்வது என்று அதில் தெளிவில்லை. மேலே நான் குறைபட்டுக்கொண்டதும் இதைத்தான்.

கடன் கேட்டேன். 'சிஸ்டம் நிராகரித்துவிட்டது' என்கிறார்கள். காரணம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

ஐரோப்பாவில் உண்டு. முழுக்க முழுக்க இயந்திரம் எடுத்த முடிவு ஒருவரைப் பெரிதும் பாதிக்குமானால், மனிதர் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22-ஆம் பிரிவு தருகிறது. ஜெர்மனியின் ஷூஃபா என்ற கடன் தர நிறுவனம், "நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் போடுகிறோம், முடிவு வங்கியுடையது" என்றது. வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறது என்றால் மதிப்பெண் போடுவதும் முடிவெடுப்பதுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

நம் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. இருப்பது இரண்டு இழைகள். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும் பிழையின்றியும் முரணின்றியும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று 8-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. அரசு "முக்கியமானவை" என்று அறிவிக்கும் பெரிய நிறுவனங்கள், தங்கள் மென்பொருளின் கணிப்பு முறைகள் மக்களின் உரிமைக்கு ஆபத்தாக இல்லை என்று சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. "ஏன் மறுத்தீர்கள்" என்று கேட்டு உங்களால் பதில் வாங்க முடியாமல் போகலாம். "எந்தத் தரவை வைத்து மறுத்தீர்கள், அது சரியா" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கடன் விஷயத்தில் இதற்காக 2027 வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையைக் கடன் தகவல் நிறுவனத்திடம் இலவசமாக வாங்கலாம். பிழை இருப்பதாகப் புகார் செய்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தெலங்கானாவைப் பாருங்கள். சமக்ர வேதிகா என்ற மென்பொருள் பல துறைகளின் பதிவுகளை ஒப்பிட்டு, சலுகைக்குத் தகுதியில்லாதவர்களைக் கண்டுபிடிக்கும். ரிக்ஷா இழுக்கும் ஒருவரை, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட ஒரு கார் உரிமையாளர் என்று அது எண்ணிக்கொண்டதால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை போனது. ரத்தான அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரு தெருவில் எத்தனை முருகன், எத்தனை செல்வி என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும். இன்னொன்று: தரவைப் பார்க்கவும் திருத்தவும் சட்டம் தரும் உரிமை, நீங்கள் ஒப்புதல் கொடுத்த தரவைப் பற்றியது. அரசுச் சலுகைக்காக ஒப்புதல் இல்லாமலே கையாளப்படும் தரவில் இந்த வழி குறுகிவிடுகிறது. தேவை அதிகமுள்ள இடத்தில் உரிமை குறைகிறது.

ஏஐ-யிடம் போய்விட்ட என் தரவை அழிக்கச் சொல்லலாமா?

நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து அழிக்கச் சொல்லலாம். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பழகி முடித்த மாதிரியிலிருந்து எடுக்கச் சொல்வது வேறு சமாசாரம். ஆட்டி முடித்த மாவிலிருந்து என் வீட்டு உளுந்தை மட்டும் திருப்பிக் கொடு என்பது போன்றது அது.

அதற்காக மாவில் உளுந்தே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஜிபிடி-2 என்ற பழைய மாதிரியைத் தகுந்தபடி தூண்டிவிட்டால், பயிற்சியில் பார்த்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அப்படியே ஒப்பிக்கிறது என்று 2020-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2021-இல் எவரால்பம் என்ற புகைப்படச் செயலி வழக்கில் ஒரு தைரியமான வழியைக் காட்டியது: முறையின்றி எடுத்த படங்களை மட்டுமல்ல, அவற்றைக் கொண்டு பழக்கிய முக அடையாள மாதிரியையும் அழிக்க உத்தரவிட்டது. உளுந்து திருட்டு என்றால் மாவையே கொட்டு என்கிற கணக்கு. நம் வாரியம் அந்த அளவுக்குப் போகுமா என்று கேட்காதீர்கள், ஆசை மட்டும் இருக்கிறது.

என் மகள் பள்ளியில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்கிறார்கள். மறுக்கலாமா?

18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள்தான். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்பது பொது விதி. ஆனால் கல்வி நடவடிக்கைக்காகவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்கள் கண்காணிப்பதற்கு விதிகளில் விலக்கு இருக்கிறது. பள்ளி அந்த விலக்கைத்தான் காட்டும்.

வருகைப் பதிவுக்கு முகம் அவசியமா என்று கேளுங்கள். ஸ்வீடனில் ஒரு பள்ளி இதையே செய்தபோது, பெற்றோர் சம்மதித்திருந்தும், 2019-இல் 2 லட்சம் குரோனா அபராதம் விழுந்தது. பள்ளியிடம் பெற்றோர் 'முடியாது' என்று சொல்லும் நிலையில் இல்லை, ஆகவே அது மனமுவந்த சம்மதம் ஆகாது என்றார்கள். பிள்ளையைச் சேர்க்க நின்ற எந்தப் பெற்றோருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, மென்பொருள் யாருடையது, மாற்றுச் சான்றிதழ் வாங்கியபின் அழிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்பதைவிடப் பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்பது நல்லது.

அரசும் போலீசும் முகத்தைப் படம் எடுக்கிறார்களே, அவர்களுக்குச் சட்டம் இல்லையா?

குற்றத்தைத் தடுக்கவும் புலனாய்வு செய்யவும் கையாளும் தரவுக்கு, சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது. இந்த இடத்தில் நமக்கு மிஞ்சுவது புட்டசாமி தீர்ப்புதான்.

புலனாய்வு விலக்கிலும் ஒரு கடமை தப்பவில்லை: தரவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியார் நுழைந்ததாகச் செய்தி வந்ததை நினைவில் வைத்தால் அதன் அருமை தெரியும். பாதுகாப்பான, நெறிமுறை சார்ந்த ஏஐ-க்கென்று 2020-லேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் நம்முடையது.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் பட்டியல் உண்டு. எனக்கும் 250 கோடி அபராதமா?

அது உச்சவரம்பு. குற்றத்தின் அளவு, தன்மை, பாதிப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் வாரியம் பார்க்க வேண்டும். காகிதக் கணக்கு நோட்டுக்குச் சட்டம் கிடையாது. அதைப் படமெடுத்தோ தட்டச்சு செய்தோ கணினியில் ஏற்றினால் உண்டு. நீங்கள் தவிர்க்க வேண்டியது ஒன்றுதான்: "யாருக்கெல்லாம் பாக்கி என்று பட்டியல் போடு" என்று முழுக் கணக்கையும், பெயரும் எண்ணுமாக, இலவச ஏஐ செயலியில் கொட்டாதீர்கள். பெயருக்குப் பதில் எண் போட்டுக் கொடுத்தாலும் கூட்டல் சரியாகவே வரும்.

என் தரவு கசிந்தால் எனக்கு நஷ்ட ஈடு கிடைக்குமா?

இந்தச் சட்டத்தில் கிடையாது. அபராதம் வசூலானால் அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அந்த நீக்கம் பதினெட்டு மாதக் கெடு முடியும்போது அமலுக்கு வரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவு 2024-இல் டெலிகிராம் பாட் (கேட்டால் தானாகப் பதில் தரும் நிரல்) வழியே வெளியானபோது, நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாலிசிதாரர் எங்கே போவது என்பதற்குப் புதிய சட்டத்தில் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வாதாடிப் பார்க்கலாம்.

என் குரலிலேயே ஏஐ பேசி, அம்மாவிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா?

இது குற்ற வழக்கு. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் ஆள்மாறாட்டத்துக்கு உண்டு. பணம் போன முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். வாரியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற புகார்களை எங்கே கொடுப்பது?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம். 90 நாளுக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும். அப்புறம்தான் வாரியம், எல்லாம் இணைய வழியே. அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால் டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தரவுக்குரியவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாடு தேவைதானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால், 'தனிநபர் தரவு, தர முடியாது' என்கிறார்கள். இந்தச் சட்டத்தாலா?

ஆமாம். நமது உரிமைகள் பற்றிய பிரிவுகள் காத்திருக்கும்போது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இது செய்த திருத்தம் 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. முன்பு, பொது நலனோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இப்போது 8(1)(ஜே) பிரிவில் அந்த நிபந்தனைகள் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. ரேஷன் பட்டியலிலிருந்து ஒரு மென்பொருள் யாரை நீக்கியது என்று கேட்பவருக்கும் இதே பதில் வரலாம்.

ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. தகவலை வெளியிடுவதிலுள்ள பொது நலன், அதனால் வரும் தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம். மனுவிலேயே 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொது நலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். மறுத்தால், அதை ஏன் பரிசீலிக்கவில்லை என்பதையே முதல் மேல்முறையீட்டின் முதல் காரணமாக வையுங்கள்.